புதிய வீடுகளும் நம் மலையின் தண்ணீரும்

அன்புள்ள உறவுகளுக்கு வணக்கம்.

நம் சங்கத்தில் சேர்ந்திருக்கும் நிதியைக் கொண்டு, இலங்கை மலையகத்திலுள்ள நம் தேயிலைத் தோட்டத்தின் நுழைவாயிலில் அலங்கார வளைவு ஒன்று கட்டலாம் என்ற யோசனையைப் பலரும் ஆதரித்திருக்கிறீர்கள். அந்தப் பணம் முதலில் குடிநீர் எடுக்கும் பீலிக்கும், மழைநீரை வடியவிடும் கான்களுக்கும் செல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

தோட்டத் தொழிலாளர்களுக்குத் தனி வீடு கட்டித் தரும் புதிய வீட்டுத் திட்டத்தை நான் எதிர்க்கவில்லை. தலைமுறை தலைமுறையாக ஒரே காம்பிராவுக்குள் (அறைக்குள்) அடுப்பும் படுக்கையும் பிள்ளைகளின் படிப்புமாக வாழ்ந்த நம் மக்களுக்கு ஏழு பேர்ச்சஸ் (சுமார் 1,900 சதுர அடி) காணியும் தனி வீடும் கிடைப்பது மிகத் தாமதமாக வந்த நியாயம். இந்திய உதவியில் முதலில் 4,000 வீடுகள், 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்த மேலும் 10,000 வீடுகள் என்று கணக்கு வளர்வதில் மகிழ்ச்சியே. ஆனால் வீட்டுக்குக் கிடைக்கும் கவனத்தில் ஒரு பங்குகூட அந்த வீட்டைத் தாங்கும் மலைக்குக் கிடைப்பதில்லை.

லயன் என்பது காம்பிராக்கள் வரிசையாக அமைந்து, ஒரே மட்டமான தரையில் நீளமாக நிற்கும் கட்டடம். அதற்கு மலையை ஒரு தடவை வெட்டினால் போதும். தனித்தனி வீடு என்று வரும்போது ஒவ்வொன்றுக்கும் பின்புறச் சரிவு செங்குத்தாக வெட்டப்படுகிறது. வெட்டிய மண் அப்படியே கீழ்ப்பக்கம் கொட்டப்படுகிறது. தேயிலை மலையில் குறுக்காக வெட்டப்பட்டு, ஆண்டுதோறும் துப்புரவு செய்யப்பட்டு வந்த கான்கள், வீட்டுக்குப் பாதை போடும்போது மண்ணால் மூடப்படுகின்றன. அதன்பிறகு மழைநீர், கூரைநீர், குசினிக் கழிவுநீர் எல்லாம் சேர்ந்து, இறுகாத அந்தப் புதுமண்ணுக்குள்தான் இறங்குகின்றன. மேல் முகட்டில் வெளியார் கட்டும் சுற்றுலா விடுதிகளின் தண்ணீரும் இதே சரிவு வழியாகத்தான் வருகிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

குடிநீரின் நிலை இதைவிடக் கவலைக்குரியது. பீலியில் வருவது ஊற்று நீர். அதற்கு மேற்புறத்தில் வீடுதோறும் மலசலகூடக் குழி தோண்டினால், ஏழு பேர்ச்சஸுக்குள் குழியை எங்கே தள்ளி வைத்தாலும் அது அடுத்தவர் சுவருக்கோ நீரோட்டத்துக்கோ அருகில்தான் விழும். நம் கான்களில் அடித்துவரப்படும் மண்ணும் கழிவும் கொத்மலை ஓயா என்ற ஆற்றை அடைந்து, தலவாக்கலையில் உள்ள மேல் கொத்மலை நீர்த்தேக்கத்தில் படிகின்றன.

2014 ஒக்டோபர் 29 காலையில் பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயன்களை மூடியபோது, அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை பல ஆண்டுகளுக்கு முன்பே கொடுக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் செய்த அழிவை நாம் அனைவரும் தொலைபேசியைக் கையில் பிடித்தபடி தூக்கமின்றிப் பார்த்தோம். மண்சரிவு எச்சரிக்கை விடுக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் வழிகாட்டலின்படி 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150ஐத் தாண்டினால் வீட்டைவிட்டு வெளியேறிவிட வேண்டும். இந்த எண்களை அறிந்திருந்தும் மழையை அளக்கக் கருவி இல்லையென்றால் என்ன பயன்? நிலத்திலோ சுவரிலோ புதிதாக வெடிப்புத் தோன்றுவது, மரங்கள் சாய்வது, பீலி நீர் திடீரெனக் கலங்குவது அல்லது வற்றுவது ஆகிய மண்சரிவு அறிகுறிகளையும் ஒவ்வொரு குடும்பமும் தெரிந்திருக்க வேண்டும்.

2018இல், உள்ளூராட்சி அமைப்புகளான பிரதேச சபைகளுக்குரிய சட்டத்தின் 33ஆம் பிரிவு திருத்தப்பட்டதால், தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபையின் பணத்தைச் செலவிட வழி பிறந்துள்ளது. எனவே பாதை, வடிகால், குப்பை அகற்றல் ஆகியவற்றை எழுத்து மூலம் சபையிடம் கேட்க வேண்டும். அவை நம் சங்கம் சுமக்க வேண்டிய செலவுகள் அல்ல.

நம் நிதியில் செய்யக்கூடியவை வேறு. ஊற்றைச் சுற்றி வேலியிட்டு மேற்புறத்தில் நாட்டு மரங்கள் நடலாம். மூடிப்போன கான்களைத் தோட்டத்து இளைஞர்களுக்கே கூலி கொடுத்துத் திறப்பிக்கலாம். இரண்டு மழைமானிகள் வாங்கி, ஒன்றைப் பாடசாலையிலும் மற்றொன்றைக் கோயிலிலும் வைக்கலாம். இனிக் கட்டப்படும் வீடுகளுக்குக் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு மதிப்பீடு பெறப்பட்டுள்ளதா என்று சங்கத்தின் பெயரில் ஒரு கடிதம் அனுப்பிக் கேட்கலாம். தென்மேற்குப் பருவமழை மே மாதத்தில் தொடங்கிவிடும் என்பதால், வளைவு பற்றிய தீர்மானத்தை ஒத்திவைத்து, கான் வெட்டும் வேலைக்கு இப்போதே ஒப்புதல் தருமாறு செயற்குழுவைப் பணிவுடன் வேண்டுகிறேன்.