யேல் கல்லூரி: நாற்காலியைச் சொல்லிப் பேசியதற்கா பிரெய்னார்டை நீக்கினார்கள்?

கேள்வி:
டேவிட் பிரெய்னார்டின் நாட்குறிப்பை மூன்றாவது முறையாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். அமெரிக்கப் பூர்வகுடிகள் நடுவே ஊழியம் செய்து 29 வயதில் மறைந்தவர். யேல் கல்லூரி அவரை நீக்கிய இடம் வரும்போதெல்லாம் மனம் அங்கேயே நின்றுவிடுகிறது. அங்கே டியூட்டராக (ஆசிரியராக) இருந்த சான்சி விட்டெல்ஸியைப் பற்றி, "இந்த நாற்காலிக்கு இருக்கிற கிருபைதான் அவருக்கும்" என்ற பொருளில் ஏதோ சொன்னாராம். இதற்காகவா ஒருவரின் படிப்பைப் பறிப்பார்கள்? அன்று அந்தக் கல்லூரியில் என்னதான் நடந்துகொண்டிருந்தது?

பதில் 1:
அதற்கு முந்தைய ஓராண்டையும் சேர்த்துப் பாருங்கள் அம்மா. 1740 அக்டோபரில் எழுப்புதல் பிரசங்கியார் ஜார்ஜ் விட்ஃபீல்டு, யேல் இருக்கும் நியூ ஹேவனில் பிரசங்கித்தார். அடுத்த மார்ச்சில் கில்பர்ட் டெனன்ட் வந்தார். மனந்திரும்பாத போதகர்களால் சபைக்கு ஆபத்து என்று முழங்கியவர். அதைக் கேட்ட மாணவர்களுக்கு, முன்னால் நின்று ஜெபிக்கும் ஆசிரியரே இரட்சிக்கப்பட்டவர்தானா என்ற சந்தேகம் வந்துவிட்டது. 1741 செப்டம்பரில் நிர்வாகிகள் விதி போட்டார்கள்: ரெக்டரையோ (கல்லூரித் தலைவர்) டியூட்டரையோ மாய்மாலக்காரர், மனந்திரும்பாதவர் என்று நேராகவோ சுற்றிவளைத்தோ சொன்னால் முதல் முறை கூடத்தில் எல்லோர் முன்னும் தவறை ஒப்புக்கொள்ளும் பகிரங்க அறிக்கை, மறுமுறை நீக்கம்.

எனக்கு ஆறாதது அந்தப் பேச்சு வெளியே போன வழி. விட்டெல்ஸி உருக்கமாக ஜெபித்துவிட்டுப் போன பிறகு, கூடத்தில் பிரெய்னார்டும் இரண்டு மூன்று நண்பர்களும் மட்டுமே இருந்தார்கள். ஒருவர் டியூட்டரைப் பற்றிக் கேட்க, இவர் நாற்காலியைச் சொன்னார். அது அருகிலிருந்த முதலாண்டு மாணவன் ஒருவன் காதில் விழுந்தது. யாரைப் பற்றிய பேச்சு என்றுகூட அவனுக்குத் தெரியாது. அவன் ஊரில் ஒரு பெண்ணிடம் சொல்ல, அவர் ரெக்டர் தாமஸ் கிளாப்பிடம் போய்ச் சொன்னார். கிளாப் அந்த நண்பர்களையே வரவழைத்து, சொன்னது யார், யாரைப் பற்றி என்று வாயைப் பிடுங்கினார். பிறகு கல்லூரி முழுவதன் முன்னும் நின்று அறிக்கை செய் என்றார். தனியே பேசியதற்குப் பகிரங்க அறிக்கையா என்று பிரெய்னார்டு மறுத்தார். போகக் கூடாதென்று கிளாப் தடுத்திருந்த, பிரிந்துபோனவர்களின் கூட்டத்துக்குப் போனதும் அவர் கணக்கில் சேர்ந்தது. 1741–42 குளிர்காலத்தில் வெளியே அனுப்பிவிட்டார்கள்.

பதில் 2:
கிளாப்பை வில்லனாக்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள். ஆசிரியர் சொல்லை மாணவர் மதிக்காத நிலையில் ஒரு கல்லூரியை எப்படி நடத்துவது? 1742இல் மாணவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கல்லூரியையே மூட நேர்ந்தது. பிரெய்னார்டும் தன் பேச்சு தவறு என்று பின்னால் மனப்பூர்வமாக எழுதிக் கொடுத்தார்.

பதில் 1 எழுதியவர்:
எழுதிக் கொடுத்தார், உண்மை. பலன்? ஆரன் பர் என்ற போதகர் நேரில் போய்ப் பரிந்து பேசியும் பட்டம் கிடைக்கவில்லை. அது வெறும் காகிதமல்ல. யேல், ஹார்வர்டு அல்லது வெளிநாட்டுப் புராட்டஸ்டன்ட் பல்கலைக்கழகப் பட்டம் இல்லாதவர் யேல் இருக்கும் கனெக்டிகட்டில் சட்டப்படி போதகராக அமர முடியாதபடி 1742இலேயே சட்டம் செய்திருந்தார்கள்.

ஒழுங்கு என்கிறீர்கள். கிளீவ்லாண்டு சகோதரர்கள் ஜானும் எபனேசரும் விடுமுறையில், சொந்த ஊரான கேன்டர்பரியில், பெற்றோருடன் சேர்ந்து, ஊர்ச் சபையிலிருந்து பிரிந்துபோன சபையின் ஆராதனைக்குப் போனார்கள். அதற்காக இருவரையும் நீக்கினார் கிளாப். பெற்ற தாய் தகப்பனோடு ஜெபிக்கப் போனதில் எந்த வகுப்பு கெட்டது? 1746இல் நியூ ஜெர்சிக் கல்லூரி, இன்றைய பிரின்ஸ்டன், பிறந்தபோது முன்னின்றவர்களில் அதே பர்ரும் ஒருவர். பிரெய்னார்டுக்கு நேர்ந்ததை அவர் மறக்கவில்லை என்றே நம்புகிறேன்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. இதைப் படித்ததும் நாட்குறிப்பை மறுபடி புரட்டினேன். 1743 செப்டம்பர் 14. இன்று நான் பட்டம் பெற்றிருக்க வேண்டிய நாள், தேவன் அதை எனக்கு மறுத்திருக்கிறார் என்று எழுதுகிறார். கிளாப்பின் மேல் ஒரு கசப்பான சொல் வருமென்று தேடினேன், வரவில்லை. கர்த்தருடைய சித்தம் ஆகட்டும் என்கிறார். இரண்டு முறை இந்தப் பக்கத்தை வேகமாகத் தாண்டிப் போயிருக்கிறேன்.