மஸ்டா எம்எக்ஸ்-5: பழசா, புதுசா, எது கம்மியா குடிக்கும்?

மிட்ரண்ட்_குமரன்:
வணக்கம். ரெண்டே சீட்டு, மடக்குற கூரை, அந்த மாதிரி வண்டி வாங்கணும்னு ரொம்ப நாள் ஆசை. ரெண்டு எம்எக்ஸ்-5 விலைக்கு வந்திருக்கு. ஒண்ணு முதல் தலைமுறை 1.6, அஞ்சு கியர். இன்னொண்ணு 2016 மாடல் 2.0, ஆறு கியர். மாமியார் வீடு டர்பன்ல, ஜோபர்க்ல (ஜோகன்னஸ்பர்க்) இருந்து அங்க போற என்3 ஹைவேல அடிக்கடி போக வேண்டியிருக்கும். எஞ்சின் சின்னது, அதனால பழசுதான் சிக்கனம்ங்கிறா வீட்டுக்காரி. சரிதானா?

பீனிக்ஸ்_ராஜி:
மாமியார் குடுத்தனுப்புற ஊறுகாய் ஜாடிக்கே அந்த டிக்கி பத்தாது தம்பி. பெட்ரோல் கணக்கு அப்புறம்!

சாட்ஸ்வொர்த்_மெக்கானிக்:
தம்பி, சிசியைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க, கியரைப் பாருங்க. முதல் தலைமுறை அஞ்சாவது கியர்ல 120-ல போனா எஞ்சின் 3,800 ஆர்பிஎம்முக்கு (நிமிஷத்துக்கு எத்தனை சுத்து) மேல கத்தும். 2015-க்கு அப்புறம் வந்தது ஆறாவதுல 3,000-க்குள்ள அடங்கிடும். டர்பனுக்கு 570 கிலோமீட்டர் சொச்சம், அவ்வளவு தூரமும் இந்த வித்தியாசம் டேங்க்ல தெரியும். அதோட பழைய 1.6-க்கு கம்ப்ரஷன், அதாவது எஞ்சின் பெட்ரோல்-காத்துக் கலவைய எத்தனை மடங்கு அமுக்குதுங்கிறது, 9.4, புதுசுக்கு 13. அதே பெட்ரோல்ல புதுசு கூடுதல் வேலை வாங்கும்.

எடையும் ஒரு கதை. முதல் வண்டி ஆயிரம் கிலோவுக்குள்ள இருந்துச்சு. 2005-ல வந்த மூணாவது தலைமுறை பெருத்துப் போச்சு, எனக்கு அது என்னவோ மனசுக்கு ஒட்டவே இல்ல. நாலாவதுல மஸ்டாக்காரன் திரும்ப இளைக்க வச்சான்.

ஒரு எச்சரிக்கை. பழைய விளம்பரத்துல இருக்கிற மைலேஜையும் இப்போதையதையும் பக்கத்துல வச்சுப் பார்க்காதீங்க. அமெரிக்காவுல 2008-லயே சோதனை முறைய மாத்திட்டாங்க, பழைய எண்ணெல்லாம் கொஞ்சம் தாராளம். அந்தப் புது முறையில 2019 மேனுவல் வண்டிக்கு ஹைவேயில 34 எம்பிஜி (ஒரு அமெரிக்க கேலனுக்கு 34 மைல்), நம்ம கணக்குல நூறு கிலோமீட்டருக்கு 6.9 லிட்டர். ஊருக்குள்ள 26, அதாவது 9 லிட்டர். ராபட்டுக்கு ராபட் (சிக்னலுக்கு சிக்னல்) நின்னு போற ஜோபர்க் சாண்டன் டிராஃபிக்ல ரெண்டாவதுதான் நடக்கும்.

மிட்ரண்ட்_குமரன்:
நன்றி அண்ணே. ஜோபர்க் உயரத்துல எஞ்சின் மூச்சு வாங்குமே, அங்க பெட்ரோல் கூடுதலா குடிக்காதா?

சாட்ஸ்வொர்த்_மெக்கானிக்:
இழுவை குறையும், டர்போ இல்லாத எஞ்சின் எதுவும் அப்படித்தான். ஆனா ஒரே வேகத்துல போனா கூடுதலா குடிக்காது. 1,700 மீட்டர்ல காத்து மெலிசு, வண்டியைத் தடுக்கிறதும் கம்மி. த்ராட்டிலை (எஞ்சினுக்குள்ள காத்து விடுற கதவு) அதிகம் திறந்து ஓட்டுறதால எஞ்சின் காத்தை உறிஞ்சுற பாடும் குறையும். ஏத்தத்துல முந்தப் போகும்போது மட்டும் கியர் இறக்குங்க. பெட்ரோல் 95 ஆக்டேன் போடுங்க, 13 கம்ப்ரஷனுக்கு 93-ல மிச்சம் பிடிக்க வேணாம்.

பீனிக்ஸ்_ராஜி:
கூரையைத் திறந்து ஓட்டினா?

சாட்ஸ்வொர்த்_மெக்கானிக்:
ஹைவே வேகத்துல காத்து உள்ள சுழன்று பிடிச்சு இழுக்கும், அக்கா. அதுக்குக் கொஞ்சம் செலவாகும். என்3-ல வர்ற வான் ரீனன்ஸ் மலை ஏத்தத்துல லாரிப் புகையும் சேர்ந்து வரும், அங்க மூடிக்கோங்க தம்பி. டர்பன் பக்கத்துல உம்லாங்கா கடற்கரையோரம் மெதுவா போகும்போது திறங்க.