மரவேர் ஒரே சீராகப் பொடியாகவில்லை, அளவீடும் ஒத்துவரவில்லை: என்ன செய்யலாம்?

கேள்வி:
வணக்கம். காய்ந்த மரவேரை அரைத்து, மெத்தனாலில் சாறு இறக்கி, மொத்த ஃபீனால் (தாவரங்களில் இருக்கும் ஒரு வகைச் சேர்மங்கள்) அளவு பார்க்கிறேன். கத்தி மில்லில் போட்டால் பட்டை உடனே மாவாகிவிடுகிறது. நடுக்கட்டை மட்டும் நார் நாராகக் கிழிந்து கத்தியைச் சுற்றிக்கொள்கிறது. தொடர்ந்து ஓட்டினால் ஜாடி கை வைக்க முடியாதபடி கொதிக்கிறது, பொடியும் கருக்கிறது. 0.5 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, மேலே நிற்கும் கப்பியை ஒதுக்கிவிட்டு, விழுந்ததை மட்டும் எடுக்கிறேன். ஒரே வேரை மூன்று பங்காக்கித் தனித்தனியே அரைத்ததில் மூன்றும் மூன்று விதமாக வருகின்றன. திரவ நைட்ரஜன் வாங்கினால் சரியாகுமா?

பதில்:
நைட்ரஜனை அப்புறம் பார்க்கலாம், முதலில் அந்தக் கப்பியைக் கவனியுங்கள். கட்டையைவிடப் பட்டையில் ஃபீனால் பெரும்பாலும் அதிகம் இருக்கும். கப்பியை ஒதுக்க ஒதுக்க, பொடியில் பட்டையின் பங்கு ஏறிக்கொண்டே போகும். நீங்கள் அளப்பது முழு வேரை அல்ல. ஒவ்வொரு தடவையும் நிற்கும் கப்பி கூடக் குறைய இருப்பதால், எண்ணும் கூடக் குறைய வருகிறது.

கப்பியைத் திரும்பத் திரும்ப மில்லில் போட்டு, எல்லாமே சல்லடையில் இறங்கும்வரை அரையுங்கள். கடைசிவரை இறங்காத நார் இருந்தால் எடை போட்டுக் குறித்துவையுங்கள்.

நார் சுற்றுவதற்கு மருந்து, வேர் ஈரமாக இருக்கும்போதே குறுக்காக மெல்லிய வில்லைகளாக நறுக்குவதுதான். நார் வில்லையின் கனத்துக்கு மேல் நீளாது. பிறகு 40 டிகிரியில், எடை மாறாமல் நிற்கும்வரை உலர்த்துங்கள். அரைகுறையாகக் காய்ந்த வேர் உடையாது, நசுங்கத்தான் செய்யும். மில்லைப் பத்துப் பதினைந்து விநாடி ஓட்டி, ஜாடி ஆறிய பிறகு மறுபடி ஓட்டுங்கள்.

இன்னொன்று, பொடியைப் புட்டியில் குலுக்கினால் கலந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். நுண்தூள் அடிக்கு இறங்கிவிடும், மேலிருந்து கரண்டியில் அள்ளினால் கரடுதான் வரும். தாளில் கூம்பாகக் குவித்து, தட்டி, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகள் இரண்டை மட்டும் சேர்த்து எடுங்கள். தேவையான எடைக்கு இறங்கும்வரை இதையே செய்யுங்கள்.

மற்றொரு பதில்:
மேலே சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். அதன் பிறகும் சூடு தொல்லை கொடுத்தால் நைட்ரஜன் நல்ல வழி. மைனஸ் 196 டிகிரியில் நார் தன் இழுவையை இழந்து படக்கென்று முறியும். ஆனால் திரவம் மிச்சமிருக்கும் குழாயை மூடவே கூடாது, வெடித்துவிடும். ஒரு லிட்டர் திரவம் ஏறத்தாழ 700 லிட்டர் வாயுவாக விரிந்து, அடைத்த அறையில் ஆக்சிஜனைக் குறைத்துவிடும். காற்றோட்டம், முகம் முழுதும் மறைக்கும் தடுப்புக் கவசம், தளர்வான குளிர்காப்புக் கையுறை எல்லாம் கட்டாயம். குளிர்ந்த பொடி காற்றின் ஈரத்தை இழுக்கும். அதனால் டெசிக்கேட்டரில் (ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்த மூடிய பாத்திரம்) வைத்து, அறை வெப்பத்துக்கு வந்த பிறகே எடை போடுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. ஒதுக்கிய கப்பி தனித்தனிப் பையில் பத்திரமாக இருக்கிறது, அதையும் அரைத்துச் சேர்க்கிறேன். இதே பொடியில் இரும்பு, குரோமியம் அளவும் பார்க்கப்போகிறேன். எஃகுக் குண்டு போட்ட மில் கிடைக்கிறது, பயன்படுத்தலாமா?

மற்றொரு பதில்:
ஃபீனாலுக்குத் தாராளமாக. உலோகத்துக்கு வேண்டாம், எஃகு தேய்ந்து அதே இரும்பும் குரோமியமும்தான் பொடியில் சேரும். உலோகம் அளக்கும் பங்கை மட்டும் சிர்க்கோனியா (ஒரு பீங்கான் வகை) அல்லது அகேட் (ஒரு கல் வகை) குண்டில் அரையுங்கள். கத்தி மில்லின் கத்தியும் எஃகுதான், அதனால் அந்தப் பங்கை வில்லையாக இருக்கும்போதே தனியே எடுத்துவைத்துவிடுங்கள்.