பழைய ஃபிலிம் பெட்டி எந்த நாட்டுச் சரக்கு? எழுத்து புரியாவிட்டால் எண்ணைப் பாருங்கள்

திருமங்கலத்தில் சித்தப்பாவின் ஸ்டுடியோவைக் காலி செய்தபோது டார்க் ரூம் அலமாரியில் ஒரு பிஸ்கட் டின் கிடைத்தது. திறந்ததும் வினிகர் வாடை தூக்கியடித்தது. அசிடேட் ஃபிலிம் கெட்டுப்போக ஆரம்பித்தால் வருகிற வாடை அது. உள்ளே இருந்த கோடாக் ரோலும் நம் ஊட்டியில் தயாரான ‘இந்து’ ஃபிலிமும் பார்த்தவுடன் தெரிந்துவிட்டன. அடியில் கிடந்த சின்ன அட்டைப்பெட்டிதான் யாருக்கும் பிடிபடவில்லை.

“கப்பல்ல இருந்து லீவுக்கு வந்தவரு ஒருத்தரு குடுத்ததுப்பா. ரஷ்யாவா இருக்கும்” என்றார் சித்தப்பா.

எழுத்து இங்கிலீஷ் மாதிரி இருந்ததால் ‘சிபெமா’ என்று படித்துத் தேடினேன். ஒன்றும் வரவில்லை. அப்புறம் பெட்டியின் பக்கவாட்டைப் பார்த்தேன். 65 என்று ஓர் எண், ஓரத்தில் கோபெக் என்ற சோவியத் சில்லறைக் காசில் விலை, மடிப்பில் மங்கலாகக் குத்திய ஒரு தேதி. இந்த மூன்றுமே போதும். ஃபிலிம் வேகம், அதாவது அது எவ்வளவு குறைந்த வெளிச்சத்தில் படம் பிடிக்கும் என்பதற்கு, சோவியத் யூனியனில் தனி அளவுமுறை வைத்திருந்தார்கள். 65, 130, 250 என்று போகும். 1987இல்தான் அதை உலக அளவோடு ஒத்துப்போகும்படி மாற்றினார்கள். விலையை அரசே நிர்ணயித்ததால் பெட்டியிலேயே அச்சடித்துவிடுவார்கள். தேதி, அதற்குள் ஃபிலிமைக் கழுவிவிட வேண்டும் என்பதற்கானது.

சோவியத் சரக்கு என்றால் எழுத்தும் ரஷ்ய எழுத்து. அதில் C என்பது ‘ஸ்’, B என்பது ‘வ்’. இப்படித்தான் நான் ‘சிபெமா’ என்று படித்தது ஸ்வேமா கம்பெனி என்று தெரிந்தது. ஆனால் ரஷ்யா இல்லை. ஸ்வேமா தொழிற்சாலை இருந்தது உக்ரைனின் வடக்கே ஷோஸ்ட்கா ஊரில். அச்சு மட்டும் ரஷ்ய மொழி. ரஷ்யாவுக்குள் தயாரான ஃபிலிம் என்றால் கசான் நகரத்து தாஸ்மாவைச் சொல்லலாம். எழுத்தைப் பார்த்தே நாட்டை முடிவு செய்கிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். ஷோஸ்ட்கா ஆட்கள் உழைத்துச் செய்த சரக்குக்கு அவர்கள் ஊர்ப் பெயரைச் சொல்வதுதான் நியாயம்.

பார்கோடு இருந்தால் வேலை இன்னும் சுலபம். முதல் மூன்று எண் 482 என்றால் உக்ரைன், 460 ரஷ்யா, 599 ஹங்கேரி, 859 செக், 690 சீனா. ஜப்பானுக்கு 45 அல்லது 49இல் தொடங்கும். ஆனால் அது கம்பெனி பதிவான நாட்டைத்தான் காட்டும். ஃபிலிம் வேறு நாட்டில் தயாராகியிருக்கலாம்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். சோவியத் 35 எம்எம் பெட்டியை வெளிச்சத்தில் பிரித்துவிடாதீர்கள். பலவற்றில் தகரக் கேசட்டே இருக்காது. கறுப்புத் தாளில் சுற்றிய வெறும் சுருள்தான். இருட்டறையில் நாமே கேசட்டில் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று விற்றார்கள். என்னதான் உள்ளே இருக்கிறது பார்ப்போம் என்று தாளைப் பிரித்தால் மொத்த ஃபிலிமும் போச்சு.

உசிலம்பட்டியிலிருந்து ஒரு பதில்:

அண்ணே, எண்ணைப் பார்க்கச் சொன்னது ரொம்பச் சரி. எங்கள் அப்பா டவுன்ஹால் ரோட்டில் ஒரு ஸ்டுடியோவில் வேலை பார்த்தவர். அவர் பெட்டியில் ஓர்வோ ஃபிலிம் நிறைய உண்டு. என்பி 20, என்பி 27 என்று போட்டிருக்கும். அந்த 20ம் 27ம் ஜெர்மன்காரர்கள் ஃபிலிம் வேகத்துக்கு வைத்த ‘டின்’ (DIN) அளவு. மூன்று கூடினால் வேகம் இரண்டு மடங்கு. அமெரிக்க அளவான ஏஎஸ்ஏவில் சொன்னால் 20 என்பது 80, 27 என்பது 400. கிழக்கு ஜெர்மனியில் வோல்ஃபன் ஊர் ஃபேக்டரிச் சரக்கு. 1964க்கு முன்னால் அதே ஃபேக்டரி அக்ஃபா பெயரில்தான் விற்றது. மேற்கு ஜெர்மனியில் லெவர்குசன் ஃபேக்டரியும் அக்ஃபாதான். அதனால் பழைய அக்ஃபா பெட்டி கையில் கிடைத்தால் பெயரோடு நிறுத்தாமல், பொடி எழுத்தில் இந்த இரண்டு ஊரில் எது இருக்கிறது என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். அப்பா வைத்திருந்த ஒன்றில் வோல்ஃபன் என்றே இருக்கிறது. உங்கள் டின்னில் அக்ஃபா ஏதாவது இருந்தால் பக்கவாட்டைப் படம் எடுத்துப் போடுங்கண்ணே, ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.