புதுப்பிப்பு: கேபிள் சாக்கெட் தார்சாவில் (வீட்டின் முன்பகுதி), டிவி இரண்டாங்கட்டில் (அதற்கு உள்ளே இருக்கும் பகுதி)

முன்பு சொன்னது இதுதான்: சாக்கெட்டுக்கும் டிவிக்கும் 15 மீட்டர் என்றால், செட்டாப் பாக்ஸை டிவி பக்கத்தில் வைத்து, கேபிள் ஒயரை நீட்டுங்கள். பாக்ஸையும் டிவியையும் இணைக்கும் எச்டிஎம்ஐ ஒயரை அவ்வளவு தூரம் இழுத்தால் படம் விட்டுவிட்டு வரலாம்.

ஆர்ஜி-6, 75 ஓம் என்ற வகை கேபிள் ஒயரில் 15 மீட்டருக்குச் சுமார் 3 டெசிபல்தான் (சிக்னல் குறைவதைச் சொல்லும் அளவு) இழப்பு. ஒரு ஒயரை இரண்டாகப் பிரிக்கும் இருவழி ஸ்பிளிட்டரே 3.5 டெசிபலைத் தின்னும். தேவையில்லாத ஸ்பிளிட்டரை முதலில் கழற்றுங்க மக்கா.

அடுத்து, ஒயர் முனையில் மாட்டும் கனெக்டர் பற்றி. ஒயருக்குள் இருக்கும் உலோக வலைப்பின்னலை வெளி உறை மேல் பின்னால் மடக்க வேண்டும். முடி அளவு இழை ஒன்று நடுக்கம்பியைத் தொட்டாலும் ஷார்ட்தான். நடுக்கம்பியைச் சுற்றியிருக்கும் வெள்ளை நுரை கனெக்டரின் உள்விளிம்போடு சமமாக நிற்க வேண்டும். நடுக்கம்பி கனெக்டர் வாய்க்கு வெளியே 2 மில்லிமீட்டர் நீட்டினால் போதும். அதிலேதான் பாதி வீட்டில் கோளாறு.

நடுவில் ஜாயிண்ட் வேண்டாம், ஒரே துண்டு. முற்றம் வழியாகப் போகிற ஒயருக்குச் சுவர் ஓட்டைக்கு முன் கீழ்நோக்கி ஒரு தொங்கல் விடுங்கள். இல்லையென்றால் ஐப்பசி மழைத்தண்ணி ஒயரோடு வழிந்து கனெக்டருக்குள் இறங்கி, நடுக்கம்பியைத் துருவேற்றிவிடும்.

மாட்டியதும் பாக்ஸ் மெனுவில் சிக்னல் வலிமையோடு தரத்தையும் பாருங்கள்.