புதுப்பிப்பு: மனித மேம்பாட்டுப் படிப்பில் சேர்ந்த பிறகு

மனையியலில் மனித மேம்பாட்டையும் குடும்ப உறவுகளையும் முதன்மைப் பாடமாக எடுக்கலாமா, அது சமையல் படிப்புதானே என்று உறவினர்கள் தடுக்கிறார்களே என முன்பு கேட்டிருந்தேன். சேர்ந்துவிட்டேன், இப்போது இரண்டாம் ஆண்டு. சமையலும் ஒரு தாளாக உண்டு (சித்திக்கு அதுவே வெற்றி). ஆனால் பெரும்பாலான நேரம் கல்லூரியின் மழலையர் பள்ளியில் கழிகிறது: மணல் தொட்டியில் விளையாடும் மூன்று வயதுக் குழந்தையைப் பற்றி, 'கோபப்பட்டான்' என்று தீர்ப்பு எழுதாமல், 'வாளியைத் தள்ளினான், ஆசிரியையைத் திரும்பிப் பார்த்தான்' என்று கண்டதை மட்டும் குறிக்கப் பழக்குகிறார்கள். உளவியலாளர் எரிக்சன் மனித வளர்ச்சிக்கு வகுத்த 8 பருவங்கள் முதுமை வரை நீள்வதால், தாத்தாவின் பிடிவாதமும் பாடத்துக்குள் வந்துவிடுகிறது. வேலை குறித்துக் கேட்டவர்களுக்கு: 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், முன்பருவக் கல்வி, சிறப்புக் கல்வி மையங்கள் ஆகியவற்றில் வாய்ப்பு உண்டு, குடும்ப ஆலோசகராக விரும்புவோர் முதுநிலைப் படிப்பையும் கணக்கில் கொள்வது நல்லது.