விழுந்த துணி குப்பையா? டெவில்ஸ் டவர் மரங்களில் கட்டப்படும் வேண்டுதல் துணிகள்

கருங்குன்றம்:
அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் உள்ள டெவில்ஸ் டவர் என்னும் பெரும்பாறைக்குப் போய்வந்து சேலத்துப் பயணி அவர்கள் தமது பயணக் குறிப்பில் எழுதிய வரிகளை முதலில் அப்படியே தந்துவிடுகிறேன்: “டெவில்ஸ் டவரைச் சுற்றி வரும் பாதையில் பைன் மரங்களில் பழந்துணிகளைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். நைந்து, நிறம் வெளுத்து, பார்க்கவே அலங்கோலமாக இருந்தது. பாதையோரம் விழுந்து கிடந்த ஒரு சிவப்புத் துணியை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன். பூங்கா நிர்வாகம் செய்திருக்க வேண்டிய வேலை இது.” இதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. அதற்குக் கீழே, நல்ல காரியம் செய்தீர்கள் என்று பாராட்டியிருப்பவர்களைப் பார்த்த பிறகு சும்மா இருக்கவும் முடியவில்லை.

அவை பழந்துணிகள் அல்ல. லக்கோட்டா, செயேன், அரபஹோ, குரோ, கயோவா, ஷொஷோனி உள்ளிட்ட இருபதுக்கும் மேற்பட்ட பழங்குடி மக்கள் அந்தப் பாறையோடு உறவு கொண்டவர்கள். மாட்டோ டிபிலா என்று லக்கோட்டா மக்கள் வழங்கும் அந்த இடத்துக்கு நோன்பிருக்க வருகிறவர்களும், நோயுற்ற உறவினருக்காக வேண்டிக்கொள்ள வருகிறவர்களும், இறந்தவரை நினைத்து வருகிறவர்களும் மரக்கிளையில் துணியை முடிந்துவிட்டுப் போகிறார்கள். சிலர் ஒரு சிட்டிகைப் புகையிலையைச் சிறு துணித்துண்டில் பொதிந்து, அப்படிப்பட்ட பொதிகளை ஒரே நூலில் வரிசையாகக் கோத்துக் கட்டுகிறார்கள். சிவப்பு, மஞ்சள், கறுப்பு, வெள்ளை ஆகியவை திசைகளுக்குரியவை. எந்த நிறம் எந்தத் திசைக்கு என்பது ஒவ்வொரு மக்களுக்கும் வேறுபடும். கட்டிய துணி வெயிலிலும் மழையிலும் காற்றிலும் நைந்து தானாக இற்றுப் போக வேண்டும். நீங்கள் அலங்கோலம் என்று எழுதியிருக்கும் அந்த நைவுதான் அதற்கு விதிக்கப்பட்ட முடிவு. தொடாதீர்கள், அகற்றாதீர்கள், படம் எடுக்காதீர்கள் என்று பூங்கா நிர்வாகமே வருகிறவர்களைக் கேட்டுக்கொள்கிறது. நீங்களோ ஒன்றை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, மற்றவற்றைப் படமும் எடுத்துக் குறிப்போடு வெளியிட்டிருக்கிறீர்கள்.

சேலத்துப் பயணி:
கருங்குன்றம் அவர்களுக்கு வணக்கம். நீங்கள் எடுத்துக் காட்டிய வரிகளை நீங்களே இன்னொரு முறை படித்துப் பாருங்கள். நான் எந்த மரத்திலிருந்தும் எதையும் அவிழ்க்கவில்லை. தரையில் விழுந்து கிடந்ததைத்தான் எடுத்தேன். மரத்தில் இருக்கும் வரை அது வேண்டுதல் என்று வைத்துக்கொள்வோம். தரைக்கு வந்து, நடப்பவர்களின் காலில் மிதிபடும் துணியை வேறு என்னவென்று சொல்வது? ஆண்டுக்கு நான்கைந்து லட்சம் பேர் வந்து போகும் இடம் அது. ஒவ்வொருவரும் ஒரு துணியைக் கட்டிவிட்டுப் போனால் அந்தக் காடு என்ன ஆகும் என்று நீங்கள் யோசித்ததுண்டா? ஒரு மனிதன் ஊரைச் சுத்தமாக வைத்திருக்க நினைத்தால் அதற்கும் நீதிமன்றம் கூட்டுவீர்கள் போலிருக்கிறது.

கருங்குன்றம்:
அந்த நான்கைந்து லட்சம் பேரும் துணி கட்டுவதில்லை. கட்டுகிறவர்கள் யார் என்று எழுதிய பிறகும் கணக்கைக் குழப்புகிறீர்கள். நீங்கள் எடுத்த துணியில் முடிச்சு இருந்ததா, இல்லையா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். முடிச்சோடு கிடந்தது என்றால் அது கிளை ஒடிந்தோ காற்றிலோ விழுந்த வேண்டுதல் துணி. அது மண்ணில் மக்குவதற்கு இன்னும் ஒரு படி நெருங்கியிருக்கிறது, அவ்வளவுதான். அதைத் தொட்டிக்குக் கொண்டுபோக உங்களுக்கு யார் உரிமை கொடுத்தார்கள்?

மரநேசன்:
இருவரும் துணியைப் பற்றியே பேசுகிறீர்கள். மரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. பட்டைக்கு அடியில் இருக்கும் மெல்லிய திசுவின் வழியாகத்தான் இலையில் உண்டாகும் உணவு வேருக்கு இறங்குகிறது. இளங்கிளையைச் சுற்றி இறுகக் கட்டிய முடிச்சு அவிழாமலே இருந்தால், கிளை பருக்கப் பருக்க அந்தத் திசு நெரிபட்டு, கட்டுக்கு அப்பால் உள்ள பகுதி காய்ந்து போகலாம். பருத்தி இற்றுவிடும், நைலானும் பாலியெஸ்டரும் பல ஆண்டுகளுக்கு இற்றுப் போகா. ஸ்காட்லாந்தில் மன்லாக்கி என்னும் ஊருக்கு அருகிலுள்ள ஊற்றைச் சுற்றியுள்ள மரங்களிலும் நோய் தீரத் துணி கட்டும் பழைய வழக்கம் உண்டு. அங்கே செயற்கை இழைத் துணிகளும் இன்னும் என்னென்னவோ பொருள்களும் குவிந்து கிடப்பது தீராத தலைவலி. புனிதம் என்ற சொல்லைச் சொன்னவுடன் மரத்துக்கு வலிக்காமல் போய்விடுமா?

கருங்குன்றம்:
மரநேசன் அவர்களே, ஸ்காட்லாந்தின் ஊற்றை வயோமிங்கின் பைன் மரத்தில் கொண்டுவந்து கட்டாதீர்கள். மன்லாக்கியில் வழிப்போக்கர் யார் வேண்டுமானாலும் கட்டுகிறார்கள். இங்கே கட்டுகிறவர்களுக்கு அந்த மரமும் உறவு. பாண்டரோசா பைனின் பட்டை எவ்வளவு தடிமன் என்று நீங்கள் அறிவீர்கள். காட்டுத்தீயையே தாங்கும் பட்டை அது. நான் அந்தப் பாதையில் அருகில் நின்று பார்த்திருக்கிறேன். முடிச்சு கிளையை நெரிக்காமல் தளர்வாக இருக்கும். பிசின் கசிந்து துணியின் ஓரம் பட்டையோடு ஒட்டியிருக்கும். சிவப்பு வெளுத்து இளஞ்சிவப்பாகியிருக்கும். நுனி நூல்நூலாகப் பிரிந்திருக்க, முடிச்சுக்குள் மடிந்திருக்கும் பகுதி மட்டும் பழைய நிறத்தோடு இருக்கும். எனவேதான் மறுபடியும் கேட்கிறேன். சேலத்துப் பயணி அவர்கள் எடுத்த துணியில் முடிச்சு இருந்ததா?

வடகரை:
எனக்கு ஒரு சந்தேகம். நம் ஊர்க் கோயில்களில் பிள்ளை வரம் வேண்டி ஆலமரத்திலும் வேப்பமரத்திலும் தொட்டில் கட்டுகிறோம், மஞ்சள் துணியில் காசு முடிகிறோம். பாரம் தாங்காமல் போகும்போது கோயில்காரர்களே அவற்றைக் கழற்றிவிடுகிறார்கள். அதனால் யாருடைய வேண்டுதலும் கெட்டுப்போனதாக யாரும் சொல்வதில்லை. அங்கே மட்டும் ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று கேட்டால் தவறா?

கருங்குன்றம்:
கேட்பது தவறில்லை அம்மா, ஆனால் பதில் உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. கழற்றுவது யார்? கோயில்காரர்கள். திருவிழா பார்க்க வந்த வெளியூர்க்காரர் ஒருவர், அலங்கோலமாக இருக்கிறது என்று ஒரு தொட்டிலைப் பிய்த்துக் குப்பையில் போட்டால் ஊர் அவரைச் சும்மா விடுமா? அகற்ற வேண்டும் என்றால் அதை முடிவு செய்ய வேண்டியவர்கள் அந்த மக்களும், அவர்களோடு கலந்து பேசும் பூங்கா நிர்வாகமும். சேலத்திலிருந்து வந்து போகிறவர் அல்ல.

சேலத்துப் பயணி:
என் ஊரை ஏன் இழுக்கிறீர்கள்? நீங்கள் சவுத் டகோட்டாவில் குடியிருக்கிறீர்கள் என்பதற்காக லக்கோட்டா மக்களின் வழக்கறிஞர் ஆகிவிட மாட்டீர்கள். நீங்களும் என்னைப் போல விமானம் ஏறி வந்தவர்தான். மச்சு பிச்சு பற்றிய விவாத இழையில் நான் எழுதியதற்கும் நீங்கள் இப்படித்தான் விடாமல் துரத்தினீர்கள். அந்த ஆத்திரம் இன்னும் தீரவில்லை என்று தெரிகிறது. தேசியப் பூங்காக்களில் ஒரு பொருளைக் கேட்பாரின்றி விட்டுச் செல்வதும் விதிமீறல்தான். சட்டத்தைப் பற்றிப் பேசுவதாக இருந்தால் முழுவதையும் பேசுங்கள்.

கருங்குன்றம்:
மச்சு பிச்சு இழையில் நீங்கள் எழுதியது பிழை என்று அங்கேயே காட்டிவிட்டேன். அதை இங்கே கிளறுவது பேச்சை மாற்றும் வேலை. சட்டம் முழுவதையும் பேசச் சொல்கிறீர்கள், பேசுகிறேன்.

1883-இல் அமெரிக்க அரசு கொண்டுவந்த விதித்தொகுப்பு பழங்குடி மக்களின் சூரிய நடனம் என்னும் சமயச் சடங்கையும் மருத்துவச் சடங்குகளையும் குற்றமாக்கியது. செய்தவர்களின் உணவுப் பங்கீட்டை நிறுத்தியது, சிறையிலும் அடைத்தது. அமெரிக்க இந்தியர்களின் சமய உரிமைக்கென்று தனிச் சட்டம் 1978-இல்தான் வந்தது. அந்தச் சட்டம் வந்த பிறகும் என்ன நடந்தது? அண்டை மாநிலமான சவுத் டகோட்டாவில் உள்ள பேர் பியூட் மலையில், செயேன் மக்களின் தீர்க்கதரிசியான ஸ்வீட் மெடிசின் என்பவர் நான்கு புனித அம்புகளைப் பெற்றதாக நம்பப்படும் அதே மலையில், மாநில அரசு சாலையும் வாகன நிறுத்துமிடமும் பார்வை மேடையும் கட்டியது. நோன்பிருப்பவர்களுக்குச் சுற்றுலாக்காரர்களால் இடையூறு என்று லக்கோட்டா சமயத் தலைவர் ஃபிராங்க் ஃபூல்ஸ் குரோ முதலானோர் வழக்குத் தொடுத்தார்கள். 1982-இல் தோற்றார்கள், மேல்முறையீட்டிலும் தோற்றார்கள். அந்த மலையின் மரங்களிலும் இதே துணிகள்தாம் கட்டப்படுகின்றன. புனித இடங்களுக்கு இயன்ற அளவு இடம் கொடுக்க வேண்டும் என்று கூட்டாட்சி நிர்வாகத்துக்கு அதிபர் கிளிண்டன் 1996-இல் ஆணையிட்டார். இத்தனைக்கும் பிறகு மிஞ்சியிருப்பது ஒரு முழத் துணியைக் கிளையில் கட்டிவிட்டுப் போகும் உரிமை. கேட்பாரின்றிக் கிடக்கும் பொருள் என்று நீங்கள் சொல்வது அதைத்தான். கேட்பவர்களை நூறாண்டுக் காலம் வாய் திறக்க விடாமல் வைத்திருந்தார்கள் என்பதை நீங்கள் அறியாமல் எழுதுகிறீர்களா, அறிந்தே எழுதுகிறீர்களா?

மரநேசன்:
வரலாற்றை யாரும் மறுக்கவில்லை. நான் கேட்டது நைலான். பருத்தியா நைலானா என்று யார் சோதிக்கிறார்கள்?

பழையவன்:
இந்த விவாதத்தில் டெவில்ஸ் டவர் பற்றிய ஒரு செய்தியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜூன் மாதத்தில் அங்கே சடங்குகள் நடப்பதால், அந்த மாதத்தில் மட்டும் பாறையில் ஏற வேண்டாம் என்று 1995 முதல் பூங்கா நிர்வாகம் கேட்டுக்கொள்கிறது. அது தடை அன்று, வேண்டுகோள். அதையே பொறுக்காமல், அரசு ஒரு மதத்துக்குச் சலுகை காட்டுகிறது என்று சில ஏறுவோர் நீதிமன்றம் போனார்கள். வணிக வழிகாட்டிகளுக்கு ஜூனில் அனுமதி மறுத்ததை 1996-இல் நீதிபதி நிறுத்திவைத்தார். ஆனால் வேண்டுகோள் செல்லும் என்று 1998-இல் தீர்ப்பு வந்தது. 2000-இல் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்தது. ஆக, கட்டாயம் என்று எதுவும் இல்லை. துணியைப் பற்றிய அறிவிப்பும் அப்படி ஒரு வேண்டுகோள் என்றால், சேலத்துப் பயணி குற்றம் செய்தார் என்று சொல்ல முடியாது.

கருங்குன்றம்:
வேண்டுகோள் என்றால் மீறலாம் என்று பொருளா? கேட்டுக்கொண்டதை மதிப்பதற்குத் தண்டனை பயம் வேண்டுமா? பழையவன் ஏறுவோர் பேச்சை எடுத்ததும் நல்லதாகப் போயிற்று. 1893 ஜூலை 4 அன்று வில்லியம் ரோஜர்ஸ் என்பவர், பாறை வெடிப்பில் மர முளைகளை அறைந்து ஏணி செய்து, கூட்டத்தின் முன்னால் உச்சிக்கு ஏறிக் கொடி நாட்டினார். அந்த ஏணியின் மிச்சம் இன்றும் பாறையில் இருக்கிறது. அதே சுற்றுப்பாதையில் நின்று அதைப் பார்ப்பதற்கென்றே பார்வைக் குழாய் பொருத்திவைத்திருக்கிறார்கள். வரலாற்றுச் சின்னமாகப் பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள். புனிதப் பாறையில் அறைந்த மரக்கட்டைகள் சின்னமாம். அதன் அடியில் வேண்டிக்கொண்டு கட்டிய துணி குப்பையாம். சேலத்துப் பயணி அவர்கள் தம் குறிப்பில் அந்த ஏணியைப் புகழ்ந்து ஒரு பத்தி எழுதியிருக்கிறார். ஏணி நைந்திருப்பது அவர் கண்ணுக்கு அலங்கோலமாகத் தெரியவில்லை.

சேலத்துப் பயணி:
ஏணி தரையில் விழுந்து காலில் மிதிபடவில்லை. நான் எடுத்தது தரையில் கிடந்தது. எத்தனை ஆண்டுகளைப் பட்டியலிட்டாலும் அது தரையில் கிடந்தது என்பது மாறாது.

கருங்குன்றம்:
முடிச்சு?

வடகரை:
ஒரு சொல்லில் பதில் சொல்லிவிடலாமே ஐயா. நானும் அதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

சேலத்துப் பயணி:
முடிச்சு இருந்தது. அதற்குள் ஏதோ காய்ந்த இலைத்தூள் இருந்தது. அதனால் என்ன? முடிச்சிட்ட குப்பை, முடிச்சிடாத குப்பை என்று இரண்டு வகை இருக்கிறதா?

கருங்குன்றம்:
காய்ந்த இலைத்தூள் என்கிறீர்கள். அது புகையிலை. சொல்லப் போகும் வேண்டுதலை நினைத்துக்கொண்டே விரலால் கிள்ளி எடுத்துப் பொதிந்த புகையிலை. இதை முதல் பதிவிலேயே எழுதியிருந்தால் உங்களைப் பாராட்டியவர்களில் பாதிப் பேராவது வாயைத் திறந்திருக்க மாட்டார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவைத்துவிட்டு இத்தனை நேரம் தூய்மையைப் பற்றிப் பாடம் எடுத்தீர்கள்.

மரநேசன்:
புகையிலை மக்கும். அதில் எனக்கு மறுப்பு இல்லை. துணி பருத்தியா என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

பழையவன்:
கருங்குன்றம் அவர்களே, விழுந்ததை எடுத்ததற்கும் அவிழ்த்து எடுத்ததற்கும் வேறுபாடே இல்லை என்பதுதான் உங்கள் வாதமா? அப்படியானால் காற்றும் குற்றவாளிதான்.

கருங்குன்றம்:
காற்று அதைக் குப்பைத் தொட்டியில் போடவில்லை. அந்தத் துணி போய்ச் சேர வேண்டிய இடத்துக்கே காற்று அதைக் கொண்டுபோயிற்று. நடுவில் புகுந்து தடுத்தவர் சேலத்துப் பயணி. நான் கேட்பது இரண்டு. அந்தப் படங்களை நீக்க வேண்டும். நிர்வாகம் செய்திருக்க வேண்டிய வேலை என்ற வரியை அடித்துவிட வேண்டும். அதைப் படித்துவிட்டு அடுத்த கோடையில் அங்கே போகிற நம்மவர்கள் ஆளுக்கு ஒரு துணியைப் பொறுக்கிக்கொண்டு வந்து தொட்டியில் போடப் போகிறார்கள்.

சேலத்துப் பயணி:
படத்தையும் நீக்க மாட்டேன், வரியையும் அடிக்க மாட்டேன். தரையில் கிடந்ததை எடுத்தேன்; நாளைக்குக் கிடந்தாலும் எடுப்பேன்.

கருங்குன்றம்:
அந்தப் பாதையின் தொடக்கத்தில் வைத்திருக்கும் அறிவிப்பில் அகற்றாதீர்கள் என்றுதான் இருக்கிறது. மரத்தில் இருந்தால் அகற்றாதீர்கள், தரையில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள் என்று அதில் எந்த வரியில் இருக்கிறது என்று காட்டுங்கள். காட்டும் வரை இந்த இழையை நான் விடுவதாக இல்லை.

மரநேசன்:
அப்படியே அந்தத் துணி பருத்தியா நைலானா என்பதையும் யாராவது சொல்லிவிடுங்கள்.